குமுளி ஏறியதும் மெயில் நின்றுபோனால்...

கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு பார்க்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏலம் நடக்கும் நாட்களில் முதலாளியோடு கேரளப் பக்கம் குமுளி, புற்றடி என்று போக வேண்டியிருக்கிறது. கம்பத்தில் சிம் போட்ட நெட் டாங்கிளைச் செருகினால் லேப்டாப்பில் அவுட்லுக் ஒழுங்காக வேலை செய்கிறது. மலை ஏறியதும் சிக்னல் இருந்தும் 619 என்று எரர் வருகிறது. சில நேரம் கனெக்ட் ஆகிறது, ஆனால் ஜிமெயில் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிடட்டுமா?"

தயவுசெய்து மாற்றாதீர்கள். கம்பத்தில் அதே பாஸ்வேர்டில் மெயில் வருகிறது என்றால் பாஸ்வேர்டில் தப்பில்லை. இணைப்பு பாதியில் அறுந்து சர்வரிடமிருந்து பதில் வராமல் போனாலும் அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைத்தான் காட்டும். கேன்சல் கொடுத்துவிட்டு இணைப்பைக் கவனியுங்கள். 2022 மே 30-க்குப் பிறகு வெறும் ஜிமெயில் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு வெளி மென்பொருள் எதுவும் உள்ளே நுழைய முடியாது. பழைய அவுட்லுக் என்றால் உங்களுக்கு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு (வெளி மென்பொருளுக்கென்று கூகுள் தனியாகத் தருவது) போட்டுக் கொடுத்திருப்பார்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்டு செத்துவிடும். பிறகு கம்பத்திலும் மெயில் வராது. பதற்றத்தில் இதைச் செய்துவிட்டுத் தவிப்பவர்கள் அதிகம், அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

619 வேறு சங்கதி. டாங்கிள் டவரைப் பிடித்துவிட்டது, ஆனால் டேட்டா இணைப்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். சிக்னல் கோட்டுக்கும் டேட்டாவுக்கும் சம்பந்தமில்லை. உங்கள் சிம் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தைச் சேர்ந்தது. குமுளியில் சாலையின் ஒரு பக்கம் தமிழ்நாட்டு டவர், மறுபக்கம் கேரள டவர். கம்பெனி ஒன்றே ஆனாலும் இரண்டு வட்டத்துக்கும் நெட்வொர்க் எண் வேறு. எனவே கேரள டவரைப் பிடித்த உடனே டாங்கிள் அதை ரோமிங் என்று எடுத்துக்கொள்ளும். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் கோடு முழுதாக நிற்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது.

டாங்கிள் மென்பொருளின் செட்டிங்ஸில் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். நெட்வொர்க் தேர்வு ஆட்டோமேட்டிக்கில் இருந்தால், எல்லையோரத்தில் டாங்கிள் இரண்டு டவருக்கும் மாறி மாறித் தாவும். ஒவ்வொரு தாவலிலும் இணைப்பு அறுபடலாம்; மெயில் பாதியில் நிற்பது அதனால்தான். மேனுவலுக்கு மாற்றி, பலமான டவர் எதுவோ அதிலேயே நிறுத்துங்கள். கம்பம் திரும்பியதும் மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள். ஏபிஎன் பெயரையும் (டேட்டா இணைப்புக்குக் கம்பெனி வைத்திருக்கும் வாசல் பெயர்) ஒருமுறை சரிபாருங்கள்: பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஜியோவுக்கு ஜியோநெட். இடைவெளி ஒன்று கூடிப்போனாலும் இணைப்பு கிடைக்காது. 619-க்குப் பதில் 633 வந்தால் வேறு மென்பொருள் மோடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டாங்கிளை உருவி, லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, மறுபடி செருகினால் பெரும்பாலும் சரியாகும்.

டயல் செய்து இணைக்கும் டாங்கிள் பெரும்பாலும் 3ஜி காலத்துச் சரக்கு. ஏர்டெல் 2020-இல் 3ஜியை மூடிவிட்டது, ஜியோவில் அது இருந்ததே இல்லை. 3ஜி மட்டும் தெரிந்த டாங்கிளில் ஏர்டெல் சிம் போட்டால் 2ஜிதான் கிடைக்கும். மெயில் தலைப்பு வரும், இணைப்புக் கோப்பு வராது. அதற்காகப் பாடுபட வேண்டாம். கையிலிருக்கும் 4ஜி போனை யூஎஸ்பி வயரில் லேப்டாப்போடு இணைத்து, போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட்டைவிட நிலையாக இருக்கும், போனும் சார்ஜ் ஏறும். போனிலும் டேட்டா ரோமிங் ஆனில் இருக்க வேண்டும்.

இணைப்பு கிடைத்ததும் நேராக அவுட்லுக்குக்குப் போகாமல், பிரவுசரில் இதுவரை திறக்காத ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அது திறக்கவில்லை என்றால் கோளாறு இன்னும் இணைப்பில்தான். திறந்தும் மெயில் வரவில்லை என்றால் மட்டும் அவுட்லுக்கில் கைவையுங்கள்: மெயிலை எடுக்கும் ஐமேப்புக்கு போர்ட் 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. லேப்டாப்பின் தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள். தேதி பின்தங்கியிருந்தால் சர்வரின் சான்றிதழை அவுட்லுக் ஏற்காது. அக்கவுண்ட் செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் சர்வர் டைம்அவுட் ஒரு நிமிடம் என்று இருக்கும். மலைப்பகுதிக்கு அது போதாது, ஐந்து நிமிடமாக ஏற்றுங்கள்.

ஏலக்காய் மாதிரியின் போட்டோக்களை அப்படியே அனுப்பாதீர்கள். மெயிலில் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருகும். 6 எம்பி படம் 8 எம்பி ஆகிவிடும். வழியில் இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து ஏற வேண்டும். அளவைக் குறைத்து, மெயிலுக்கு ஒரு படமாக அனுப்புங்கள்.