பெட்ரோலா, டீசலா? ஆறு கிலோமீட்டர் பள்ளியும் அறுநூறு கிலோமீட்டர் தம்பி வீடும்

கேள்வி: வணக்கம் ஐயா. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். நான், மனைவி, பிள்ளைகள் இருவர், என் தாயார் என ஐந்து பேர். அம்மாவின் சக்கர நாற்காலியை மடித்து வைத்த பிறகும் பெட்டிகளுக்கு இடம் வேண்டும் என்பதால், நான்கு சக்கரங்களும் இயங்கும் ஸ்டேஷன் வேகன் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்க முடிவு செய்திருக்கிறோம். ஒரே நிறுவனத்தின், ஒரே வயதுடைய இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெட்ரோல், மற்றது டர்போ டீசல். டீசலுக்கு 45,000 ராண்ட் கூடுதல். ஆசிரியையான என் மனைவி வண்டியைத் தினமும் 6 கிலோமீட்டர் தள்ளியுள்ள பள்ளிக்கு எடுத்துச் செல்வார். மற்றபடி கடை, கோயில், மருத்துவமனை. ஆண்டுக்கு நான்கு முறை ஜோகன்னஸ்பர்க்கில் தம்பி வீட்டுக்குப் போவோம், ஜூலை விடுமுறையில் டிராகன்ஸ்பர்க் மலைப்பகுதி. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 13,000 கிலோமீட்டர் வரும். டீசல்தான் வாங்க வேண்டும் என்று மச்சான் ஒரேயடியாகச் சொல்கிறார். விற்பனையாளரும் அதையே சொல்கிறார்.

பதில்: விற்பனையாளர் ஏன் சொல்கிறார் என்பதை அந்த 45,000 ராண்டே சொல்லிவிடுகிறது, அவரை விட்டுவிடுவோம். உங்கள் மச்சான் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் தம்முடைய ஓட்டத்தை மனத்தில் வைத்துச் சொல்கிறாரா, உங்கள் மனைவியின் ஓட்டத்தை வைத்துச் சொல்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

டீசலின் சிக்கனம் கட்டுக்கதை அன்று. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலான ஆற்றல் அடங்கியிருக்கிறது. அதோடு, டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறில் ஒரு பங்காக இறுக்கி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. சாதாரணப் பெட்ரோல் எஞ்சின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறுக்குகிறது. இறுக்கம் கூடக்கூட, எரிபொருளின் ஆற்றலில் வேலையாக மாறும் பங்கும் கூடும். நான்கு சக்கர இயக்கத்துக்கான தண்டும் கூடுதல் பற்சக்கரப் பெட்டியும் சேர்ந்து கனத்துப்போன வண்டியில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். இந்த அளவுள்ள வண்டிக்கு நூறு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஒன்பதரை லிட்டர், டீசல் ஏழு லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 13,000 கிலோமீட்டருக்கு முறையே 1,235 லிட்டரும் 910 லிட்டரும் செலவாகும். மிச்சம் 325 லிட்டர். கணக்கு எளிதாக இருக்க இரண்டுக்கும் லிட்டர் 22 ராண்ட் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 7,150 ராண்ட் மிச்சமாகும். கூடுதலாகக் கொடுக்கும் 45,000 ராண்டை மீட்க ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் மூத்த பிள்ளை ஓட்டுநர் உரிமத்துக்கு வரிசையில் நின்றிருப்பான். இதுவே ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பமாக இருந்தால் மூன்று ஆண்டுக்குள் பணம் திரும்பிவிடும். அவர்களுக்கு நான் டீசலைத்தான் சொல்வேன்.

இரண்டுக்கும் ஒரே விலை வைத்ததற்குக் காரணம் உண்டு. நம் தென்னாப்பிரிக்காவில் பெட்ரோலின் சில்லறை விலையை அரசு நிர்ணயிக்கிறது. மாதத்தின் முதல் புதன்கிழமை அது மாறுகிறது. டீசலுக்குச் சில்லறை விலைக் கட்டுப்பாடு இல்லாததால் ஒரே சாலையின் இரு முனைகளில் இரு விலைகளைப் பார்க்கலாம். டீசல் எப்போதும் மலிவு என்ற பழைய நம்பிக்கையை 2022ஆம் ஆண்டு உடைத்துவிட்டது. அந்த ஆண்டில் டீசல் பெட்ரோலை விலையில் தாண்டிப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். வாங்குகிறவர் அலைந்து விசாரித்தால் லிட்டருக்குச் சிறிது மிச்சம் பிடிக்கலாம் என்பது மட்டுமே இதில் டீசலுக்குரிய லாபம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது விலை அன்று, அந்த ஆறு கிலோமீட்டர். இக்கால டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, பட்டறையில் டி.பி.எஃப். என்பார்கள். கரி நிறைந்ததும் எஞ்சின் கூடுதல் எரிபொருளைச் செலுத்தி, அந்த வடிகட்டியை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிக் கரியை எரித்துவிடுகிறது. இதற்கு நெடுஞ்சாலை வேகத்தில் இடைவிடாத பதினைந்து, இருபது நிமிட ஓட்டம் தேவை. பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தும்போது எஞ்சின் அப்போதுதான் சூடேறியிருக்கும். எரிக்கும் வேலை தொடங்கிய பாதியில் சாவியைத் திருப்பி அணைக்கிறோம், மறுநாளும் அதுவே.

என் உறவினர் ஒருவர் இப்படித்தான் நான்கு கிலோமீட்டர் தூரத்துக் கடைக்கு ஒரு டீசல் வண்டியை இரண்டு ஆண்டுகள் ஓட்டினார். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது முக்கியமில்லை. பயன்படுத்திய விதம்தான் பிழை. பட்டறையில் மெக்கானிக் எஞ்சின் ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துணியில் துடைத்து, மீண்டும் விட்டு எடுத்துக் காட்டினார். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்தோம். மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார், டீசல் வாடை. கரியை எரிப்பதற்காகச் செலுத்திய டீசல், எரிந்து முடியுமுன் வண்டி அணைக்கப்பட்டதால், ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகச் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. நீர்த்துப்போன ஆயிலில் ஓடிய டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலிக்கு) என்ன கதி ஆகியிருக்கும் என்பதை விரிக்க வேண்டியதில்லை. வடிகட்டி, டர்போ இரண்டுக்குமாக வந்த பில், பல ஆண்டுகள் மிச்சம் பிடித்த டீசல் காசை ஒரே நாளில் விழுங்கியது. ஆகவே நீங்கள் பார்த்த டீசல் வண்டி இதற்கு முன் யாரிடம், எந்த ஓட்டத்தில் இருந்தது என்பதையும் விசாரிக்காமல் அதன் பக்கமே போகாதீர்கள்.

டீசலுக்குரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் சக்தியில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். உதாரணத்துக்கு, சில ஆண்டுகளுக்கு முந்தைய ஸூபரூ அவுட்பேக் வேகனின் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 129 கிலோவாட் தருவது; மேட்டு நிலத்தில் அது 107 அளவுக்கு இறங்கும். அதே வண்டியின் 2 லிட்டர் டீசல் 110 கிலோவாட்தான். ஆனால் டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அதன் சக்தி பெரும்பாலும் கைவிட்டுப் போகாது. இழுவிசையில் ஒப்பே இல்லை: பெட்ரோலுக்கு 235 நியூட்டன்மீட்டர், டீசலுக்கு 350. என்3 நெடுஞ்சாலையில் ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் வான் ரீனன் கணவாயில் லாரிகளைத் தாண்டும்போது பெட்ரோல் எஞ்சின் இரைவதும் டீசல் எஞ்சின் சலனமில்லாமல் ஏறுவதும் நன்றாகவே தெரியும். பின்னால் கேரவன் இழுத்துச் செல்பவராக நீங்கள் இருந்தால் என் பதில் மாறியிருக்கும். ஆண்டுக்கு எட்டுத் தடவை ஏறி இறங்கும் ஒரு கணவாய்க்காக, ஆண்டுக்கு இருநூறு காலைப்பொழுதுகளை வண்டிக்கு ஒவ்வாத விதத்தில் ஓட்டலாமா என்பதுதான் கேள்வி. டர்போ வைத்த பெட்ரோல் வண்டி கிடைத்தால் இந்தக் குறையும் பெருமளவு தீர்ந்துவிடும்.

எனவே உங்களுக்குப் பெட்ரோல். ஐயம் தீரவில்லை என்றால், இப்போது வைத்திருக்கும் காரில் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் போட்டு வையுங்கள். ஒரு மாதம், ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பும்போதும் எத்தனை கிலோமீட்டர் ஓடி அணைத்தீர்கள் என்று மனைவி குறித்து வரட்டும். மொத்தக் கிலோமீட்டரை நான் பார்க்க மாட்டேன். பதினைந்துக்குக் குறைந்த ஓட்டங்கள் எத்தனை என்பதைத்தான் பார்ப்பேன். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் மச்சானிடம் அந்த நோட்டையே காட்டிவிடலாம்.

பெட்ரோல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் கூடாது. எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது, அதிகாலையில், நீங்களே கிளப்பிப் பாருங்கள். போவதற்கு முன்பே யாரேனும் சூடேற்றி வைத்திருந்தால் பானட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். நான்கு டயர்களும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு தேய்மானம் உடையவையா என்று பாருங்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் இரண்டு புது டயரும் இரண்டு தேய்ந்த டயரும் கலந்து ஓடினால், சுற்றளவு வேறுபாட்டால் முன், பின் சக்கரங்களை இணைக்கும் நடு இணைப்பு ஓயாமல் உராய்ந்து சூடாகிக் கெடும். டயருக்குக் கஞ்சத்தனம் செய்தவர் ஆயிலுக்கும் செய்திருப்பார்.

கேள்வி: டிராகன்ஸ்பர்க் போகும்போது சானி கணவாயிலும் ஏறிவிடலாம் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். இத்தகைய ஸ்டேஷன் வேகன் போதுமா, அல்லது டபுள் கேப் பாக்கிதான் (இரு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த சரக்குத்தட்டும் உள்ள வண்டி) வேண்டுமா? (மேற்கண்ட வாசகரே)

பதில்: கடன் பாக்கி இல்லாமல் பாக்கி வாங்க முடிந்தால் வாங்குங்கள்; இந்த ஒரு கணவாய்க்காக வேண்டாம். உச்சி 2,876 மீட்டர். அங்கே போய்விட்டால் லெசோத்தோ. ஆகவே பாஸ்போர்ட் இல்லாமல் புறப்படாதீர்கள். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியைத் தென்னாப்பிரிக்க எல்லைச் சாவடியில் மேலே விடுவதில்லை. உலர்ந்த நாளில், தரையிலிருந்து 200 மில்லிமீட்டருக்கு மேல் உயரமுள்ள வேகன் மெதுவாக ஏறிவிடும். சிக்கல் இறங்கும்போது: இத்தகைய வண்டிகளில் மலைக்கென்று தனியாகத் தாழ்கியர்த் தொகுதி இருப்பதில்லை, பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடாகிப் பிடிப்பு விட்டுப்போகும். பனியோ மழையோ இருந்தால் கீழே அண்டர்பர்க்கில் வண்டியை நிறுத்திவிட்டு, கூட்டிச் செல்லும் ஜீப்காரருக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். அம்மாவும் நிம்மதியாக இருப்பார்.

கேள்வி: ஆறு வாரத்துக்கு முன் ஒரு டீலரிடம் டீசல் வேகன் வாங்கினேன். வடிகட்டி விளக்கு எரிகிறது, வண்டி இழுக்க மறுக்கிறது. ரசீதில் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பதால் தமக்குப் பொறுப்பில்லை என்கிறார். (பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகி)

பதில்: அம்மா, ‘உள்ளது உள்ளபடி’ என்ற அந்தச் சொல் தனியாளிடம் வாங்கும்போதுதான் செல்லும். வியாபாரமாக விற்கும் டீலர் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அதன் 56ஆம் பிரிவின்படி, ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால் பழுதுபார்த்தல், மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. வடிகட்டியில் குறை இருக்கிறது என்று குறிப்பிட்டு எழுதிக் காட்டி, நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் நிலைமை வேறு. வாங்கிய பிறகு நீங்கள் ஓட்டிய விதத்தால் அடைத்தது என்று அவர் வாதிடக்கூடும். எனவே உடனே வேறொரு பட்டறையில் கணினியை இணைத்து, வடிகட்டியில் சாம்பல் எவ்வளவு என்று அளந்து எழுத்தில் வாங்குங்கள். கரி ஆறு வாரத்தில் சேரலாம். எரியாமல் தங்கிவிடும் சாம்பல் சேரப் பல்லாயிரம் கிலோமீட்டர் ஆகும்; அது மிகுந்திருந்தால் நீங்கள் வாங்குமுன்பே சேர்ந்தது என்று பொருள். அதை இணைத்து டீலருக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து, அவர் அசையாவிட்டால் மோட்டார் தொழில்துறை ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) முறையிடுங்கள். வங்கித் தவணையை மட்டும் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். வங்கியுடன் செய்த ஒப்பந்தத்தில் குற்றம் உங்கள் மேல் வந்துவிடும்.

கேள்வி: டீசல் வண்டியில் எரிபொருள் நிலைய ஊழியர் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் என்ன செய்வது? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: சாவியைத் திருப்பாதீர்கள், ‘ஓரமாக நிறுத்துங்கள்’ என்று சொன்னாலும் கிளப்பாதீர்கள், தள்ளச் சொல்லுங்கள். எரிபொருளை எஞ்சினுக்குத் தள்ளும் உயரழுத்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப் பசையும். பெட்ரோல் போனால் உலோகம் உலோகத்தைத் தேய்த்து, துகள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை போகும். கிளப்பாதவரை டாங்கியைக் காலி செய்தால் போதும். ரசீதில் எந்த எரிபொருள், எத்தனை லிட்டர் என்று இருப்பதைப் பார்த்து வாங்கி, மேலாளரைக் கூப்பிட்டு அந்த இடத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.