ஊசி போட்டா குரல் மாறுமா?

கேள்வி: டாக்டர், நான் மேலூர் பக்கம், 23 வயசு திருநம்பி (பொறந்தப்போ பொண்ணுன்னாங்க, ஆனா நான் ஆண்). டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஆண் ஹார்மோன் ஊசிய மெடிக்கல்ல வாங்கி நானே போட்டுக்கலாமான்னு ஒரு நெனப்பு. ஆபரேஷனும் கட்டாயமா?

பதில்: அந்த வேலை மட்டும் வேணாம் தம்பி. டோஸ் கூடுனா ரத்தம் கெட்டியாகும், அதனால ஹீமோகுளோபின், லிவர், கொழுப்பு எல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் ஆரம்பிப்பாங்க, மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில போய்க் கேளுங்க. குரல் 3 மாசத்துலருந்தே ஒடைய ஆரம்பிக்கலாம், பீரியட்ஸ் பெரும்பாலும் 6 மாசத்துக்குள்ள நின்னுரும், ஆனா ஊசிய நிறுத்துனா பீரியட்ஸ் திரும்பி வரும், பழைய குரல் வராது. பீரியட்ஸ் நின்னுருச்சே, இனி கர்ப்பமாகாதுன்னு நம்பிராதீங்க (இத யாரும் சொல்றதே இல்ல!). ஆபரேஷன் கட்டாயமில்ல, மார்பகத்த எடுக்குற ஆபரேஷன் மட்டும் பண்றவங்க உண்டு, ஆணும் இல்ல பொண்ணும் இல்லங்கிறவங்க சிலபேரு கம்மி டோஸோட நிறுத்திக்கிறாங்க. பின்னாடி கொழந்த ஆசை வரும்னு தோணுச்சுன்னா கருமுட்டைய எடுத்து உறைய வச்சு சேமிக்கிறது பத்தி மொத ஊசிக்கு முன்னாடியே பேசிருங்க.