ஜனவரியில் நேர்முகம், பிப்ரவரியில் ரிசல்ட்

கேள்வி: மகள் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. எழுதி முடித்துவிட்டாள். பிரிட்டனில் நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒன்று இல்லையென்றுவிட்டது, ஒன்றிலிருந்து நிபந்தனையோடு ஆஃபர் வந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஜனவரியில் ஆன்லைன் நேர்முகம். ட்யூஷன் ஆசிரியர் நூறு கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார். ஏஜென்ட்டோ, வந்த இடத்துக்குப் பத்து நாளில் பணம் கட்டாவிட்டால் போய்விடும் என்கிறார். என்ன செய்வது? – ஒரு தாய், கத்ர் போர்ன், மொரிஷியஸ்

பதில்: அம்மா, அந்த நூறு விடைகளை முதலில் ஓரமாக வையுங்கள். நம் பிள்ளைகளுக்கு அறிவில் குறையில்லை. வீட்டில் கிரியோல், டிவியில் பிரெஞ்சு, பாடப் புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள். ஆங்கிலத்தில் அருமையாக எழுதும் பிள்ளைக்கு, அந்த மொழியில் மனம் திறந்து பேசும் பழக்கம் இருப்பதில்லை. மனப்பாடம் இதை இன்னும் மோசமாக்கும். கேள்வி கொஞ்சம் திரும்பினாலும் பிள்ளை திகைத்துப்போவாள்.

பிரிட்டனில் பெரும்பாலான கல்லூரிகள் நடத்துவது எம்.எம்.ஐ. (மல்டிபிள் மினி இன்டர்வியூ) முறை. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. வரிசையாகப் பல சிறு கட்டங்கள், ஒவ்வொன்றும் சில நிமிடம், ஒவ்வொன்றிலும் வேறொரு மதிப்பீட்டாளர். ஒன்றில் சொதப்பினாலும் அடுத்தது புதிதாகத் தொடங்கும். இதை அவளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் வேறு மாதிரி. அங்கே பேராசிரியர்கள் அறிவியல் கணக்கைக் கொடுத்து, உரக்க யோசிக்க வைப்பார்கள்.

சில கட்டங்களில் ஒரு நடிகர், துக்கத்திலோ கோபத்திலோ இருப்பவராக வருவார். நம் பிள்ளைகள் உடனே ஆறுதல் சொற்பொழிவைத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு மதிப்பெண் கிடைக்காது. அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, பிறகு "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்க வேண்டும். தினமும் மாலை அரை மணி நேரம் அக்காவோ மாமாவோ அந்த வேடம் போடட்டும், ஆங்கிலத்திலேயே. போனில் பதிவு செய்து அவளே கேட்கட்டும்.

"ஏன் மருத்துவம்?" என்ற கேள்விக்குப் பெரிய தத்துவம் வேண்டாம். நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். பாட்டியின் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டு மாற்றியிருந்தால், கந்தோஸில் உள்ள விக்டோரியா மருத்துவமனை வரிசையில் பாட்டியோடு காத்திருந்திருந்தால், அதைச் சொல்லட்டும். என்ன பார்த்தாள், அதிலிருந்து என்ன புரிந்துகொண்டாள் என்பது போதும்.

நேரத்தையும் கவனியுங்கள். ஜனவரியில் லண்டனைவிட நாம் நான்கு மணி நேரம் முன்னால்; அங்கே காலை 9 என்றால் இங்கே பகல் 1. அது சூறாவளிக் காலமும்கூட. போனில் டேட்டா, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், கரண்ட் போகாத உறவினர் வீடு ஒன்று என எல்லாம் தயாராக இருக்கட்டும். மூன்றாம் நிலைச் சூறாவளி எச்சரிக்கை வரும்போலிருந்தால், நெட் இருக்கும்போதே சேர்க்கை அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பிவிடுங்கள். காவடிக்கு விரதம் இருப்பவள் என்றால், நேர்முகத்தன்று நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு உட்காரட்டும்.

இனி ஆஃபர். ஏஜென்ட் சொல்வதை நம்பி அவசரப்பட வேண்டாம். யூகாஸ் என்பது பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பொது அமைப்பு. அதன் முறையில், விண்ணப்பித்த எல்லா இடங்களிலிருந்தும் முடிவு வந்த பிறகே பதில் சொல்ல முடியும். முன்பே சொல்ல வேண்டுமென்றால் மற்றவற்றை விட்டுவிட வேண்டும். பதிலுக்கான கடைசித் தேதி அவள் யூகாஸ் கணக்கிலேயே தெரியும். அதைத் தவறவிட்டால் ஆஃபர்கள் தாமாகவே ரத்தாகும். நினைவில் வைக்க வேண்டிய தேதி அதுதான். டெபாசிட் பற்றிய கடிதம் பல்கலைக்கழகத்திடமிருந்து நேரடியாக வந்ததா, பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் பாருங்கள். இரண்டும் உறுதியாகாமல் பணம் அனுப்பாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எச்.எஸ்.சி. ரிசல்ட் பிப்ரவரி வாக்கில் வந்துவிடும். பிரிட்டன் பிள்ளைகள் ஆகஸ்ட் வரை காத்திருக்கிறார்கள். மதிப்பெண் வந்ததும் நகலை நீங்களே கல்லூரிகளுக்கு அனுப்புங்கள். நிபந்தனை நிறைவேறியிருந்தால் ஆஃபரை உறுதியாக்கித் தரும்படி கேளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: உறுதியான ஆஃபரை முதல் தேர்வாக ஏற்றால், இன்ஷூரன்ஸ் தேர்வு என்ற இரண்டாம் இடம் வைத்துக்கொள்ள முடியாது. நிபந்தனை இன்னும் பாக்கி இருந்தால் மட்டும், குறைந்த மதிப்பெண் கேட்கும் கல்லூரியை இன்ஷூரன்ஸாக வையுங்கள்.

கட்டணத்தை முதல் வருடத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குப் பல இடங்களில் ஆண்டுக்கு 40,000 பவுண்டைத் தாண்டுகிறது. சில கல்லூரிகளில் மருத்துவமனைப் பயிற்சி ஆண்டுகளில் அது இன்னும் கூடும். படிப்பு 5 ஆண்டு, சில இடங்களில் 6. அரசு உதவித்தொகைப் பட்டியல் வெளியான பின் பதில் சொல்ல நாள் இருக்கிறதா என்று பாருங்கள். அவள் திரும்பி வந்து இங்கே பணிபுரிய நினைத்தால், ஏற்கும் முன்பே மொரிஷியஸ் மருத்துவக் கவுன்சிலின் பதிவு விதிகளை நேரில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.