அந்தப் பூஜ்ஜியம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,

கருங்கல்லைச் சேர்ந்தவன், நாகர்கோவிலில் முதுகலைக் கணிதம் படிக்கிறேன். லெஜாந்தர், செபிஷேவ் பல்லுறுப்புக்கோவைகளில் வெவ்வேறு இரண்டை எடைச்சார்போடு (எந்த இடத்துக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் சார்பு) பெருக்கி −1 முதல் 1 வரை தொகையிட்டால் பூஜ்ஜியம் வரும் என்று நிறுவத் தெரியும். ஏன் வரவேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. விளக்குவீர்களா?

ஜெபின்

அன்புள்ள ஜெபின்,

நிறுவிய பிறகும் ‘ஏன்’ என்று கேட்கிறீர்களே, அதுதான் கணிதத்துக்குள் நுழையும் வாசல்.

செபிஷேவின் இரண்டாம் வகையை எடுத்துக்கொள்வோம். அணிக்கோவை மதிப்பு 1 ஆக உள்ள 2×2 யூனிட்டரி (நீளத்தை மாற்றாத) அணிகள் ஒரு குலம், அதாவது அவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும், எதன் நேர்மாறை எடுத்தாலும் அதற்குள்ளேயே இருக்கும். அக்குலத்தை 1, 2, 3, 4 என ஒவ்வொரு பரிமாணத்திலும், மேலும் பிரிக்கமுடியாத வகையில், சாரத்தில் ஒரே விதமாக அணிகளால் எழுதிக்காட்டலாம். அதையே ரெப்ரசன்டேஷன் என்கிறோம். ஒவ்வொன்றிலும் மூலைவிட்ட உறுப்புகளைக் கூட்டுங்கள். குல உறுப்பின் கோணத்துக்குரிய கொசைனைக் ‘க’ என்று குறித்தால் 1, 2க, 4க²−1, 8க³−4க என்று செபிஷேவ் கோவைகளே வந்து நிற்கும். பிரிக்கமுடியாத வெவ்வேறு இரண்டின் கூடுதல்களைப் பெருக்கிக் குலம் முழுவதும் சராசரி எடுத்தால் பூஜ்ஜியம் என்பது குலக்கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றம். பாடநூலில் காரணம் சொல்லாமல் வைக்கப்படும் √(1−க²) என்ற எடைச்சார்பு, அந்தந்தக் கோணத்தில் குலம் எவ்வளவு பரப்பை அடைத்திருக்கிறது என்பதன் அளவே. 2க × (4க²−1) என்பதை விரித்தால் (8க³−4க) + 2க வரும். 2, 3 பரிமாண ரெப்ரசன்டேஷன்களின் பெருக்கம் 4, 2 பரிமாணங்களாகப் பிரிவதைத்தான் அந்தச் சமன்பாடு சொல்கிறது. லெஜாந்தருக்கும் ஏறத்தாழ இதே கதைதான். அங்கே முப்பரிமாணச் சுழற்சிகளின் குலம், மூலைவிட்டக் கூடுதலுக்குப் பதிலாக அணியின் நடு உறுப்பு.

இவை எல்லாமே காஸ் 1812இல் ஆராய்ந்த ஹைப்பர்ஜியோமெட்ரிக் தொடர் (அடுத்தடுத்த உறுப்புகளின் விகிதம் வரிசை எண்ணின் விகிதமுறு சார்பாக அமையும் தொடர்) பாதியில் முடிந்துபோகும் வடிவங்கள். தொடரின் கீழ்ப்பகுதியில் லெஜாந்தருக்கு 1 என்ற எண்ணும் செபிஷேவுக்கு 3/2 என்ற எண்ணும் நிற்கின்றன. லெஜாந்தர் நாமறிந்த கோளத்துக்கும், செபிஷேவ் அதைவிட ஒரு பரிமாணம் கூடிய கோளத்துக்கும் உரியவை; கோளத்தின் பரிமாணம் ஒன்று கூடும்போது அந்த எண் அரை கூடும். இடைப்பட்ட எண்களுக்கு எந்தக் கோளமும் இல்லை, ஆனால் தொடருக்கு அவையும் சம்மதம், பூஜ்ஜியமும் தவறுவதில்லை. குலம் பிறப்பித்த ஒன்று குலத்தைத் தாண்டி வளர்வதை நான் இங்கேதான் உணர்ந்தேன். இயற்பியலாளர் ஜூலியோ ரக்கா 1942இல் அணு நிறமாலைக்காக எழுதிய குணகங்களும் இப்படிப்பட்ட, இன்னும் பெரிய தொடர்தான். அவற்றுக்குள் ஒரு செங்குத்துப் பல்லுறுப்புக்கோவைக் குடும்பம் (வெவ்வேறு இரண்டுக்கு நீங்கள் கேட்ட அந்தப் பூஜ்ஜியம் வரும் குடும்பம்) இருப்பதை ரிச்சர்ட் ஆஸ்கியும் ஜேம்ஸ் வில்சனும் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டி, அதைப் பொதுமைப்படுத்தினார்கள்.

கீழ் எண்ணை 5/4 என்று வைத்து, எடைச்சார்பாக (1−க²)இன் கால் அடுக்கை எடுத்து, இரண்டாம் படிக் கோவையை நீங்களே கையால் கண்டுபிடித்துச் சரிபாருங்கள். விடையோடு எழுதினால் ரக்கா குணகங்களை விரிவாகப் பேசுவோம்.