மலம் கறுப்பாகப் போனால் சாப்பிட்ட இரும்புச்சத்து வீணா?

கேள்வி: எனக்கு வயது 34. ஹீமோகுளோபின் 8.9 இருந்தது. இரண்டு மாதமாகத் தினமும் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் 9.2-க்குத்தான் வந்திருக்கிறது. மலம் கறுப்பாகப் போகிறது. "உங்கள் குடலுக்குச் சத்தை உறிஞ்சும் சக்தியே இல்லை" என்று சொல்லி, தெரிந்தவர் ஒருவர் மூன்று டப்பா என்சைம் பவுடர் கொடுத்திருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாமா? இப்போது இரும்பு, கால்சியம், அசிடிட்டி மாத்திரை மூன்றையும் காலை உணவு முடிந்ததும் போட்டுக்கொண்டு, கையோடு டீயும் குடிக்கிறேன்.

பதில்: டப்பாவைப் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் மூடி ஓரமாக வையுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். பதில் உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே இருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்பு. மாத்திரையில் இருக்கும் இரும்பில் ஒரு சிறு பங்கைத்தான் குடல் எடுத்துக்கொள்ளும். மிச்சம் வெளியே போகும்போது மலத்தைக் கறுப்பாக்கும். இரும்பு மாத்திரை சாப்பிடும் யாருக்கும் இது சகஜம். (தார் மாதிரி பிசுபிசுப்பாக, பளபளப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் அது ரத்தமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.) இந்தப் பவுடர் விற்பனைக்காரர்கள் எப்போதும் பிடித்துக்கொள்வது இந்தக் கறுப்பைத்தான். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாதாரண விஷயத்தை நோயாக்கிவிட்டு, அடுத்த நிமிடம் மருந்தையும் கையில் வைப்பார்கள். என்சைமின் வேலை மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றைத் துண்டு துண்டாக வெட்டுவது. இரும்பு ஒரு தனிமம். அதில் வெட்ட என்ன இருக்கிறது?

சரி, ஏன் ஏறவில்லை? இரும்பைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது சிறுகுடலின் முதல் பகுதி. நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் இரும்பு கரைந்த நிலையில் இருக்க வேண்டும். அதற்கு வயிற்று அமிலம் வேண்டும். நீங்கள் அசிடிட்டி மாத்திரையால் அமிலத்தைக் குறைக்கிறீர்கள், டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக் கட்டிவைக்கிறது, கால்சியமும் உள்ளே போகவிடாமல் மறிக்கிறது. மூன்று பேரையும் வாசலில் நிறுத்திவிட்டுக் குடலைக் குறை சொன்னால் எப்படி?

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள், மூன்று வரிக்கும் நேரே 'காலை, உணவுக்குப் பின்' என்று ஒரே கோடு இழுத்திருக்கும். இப்படிப்பட்ட சீட்டுகளை வாரத்துக்கு எத்தனை பார்க்கிறேன் தெரியுமா? எழுதுபவருக்கு அவசரம், கவரில் போட்டுக் கொடுப்பவருக்கு அதைவிட அவசரம். எதை எதோடு சாப்பிடக்கூடாது என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம்தான் யாரிடமும் இல்லை.

இரும்பைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். குமட்டினால் கொஞ்சம் உணவோடு எடுக்கலாம். டீ, காபி இரண்டு மணி நேரம் தள்ளி. கால்சியத்தை இரவுக்கு மாற்றுங்கள். அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் இரும்பு சாப்பிடலாமா என்றும் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும், கிட்டத்தட்ட ஒரு நாளைக்குக் குடலின் கதவு பாதி சாத்தியிருக்கும். அதனால்தான் அதிகம் விழுங்கினால் அதிகம் ஏறும் என்ற கணக்கு இங்கே பலிப்பதில்லை.

ஒழுங்காக உள்ளே போனால் மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் சுமார் 2 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஃபெரிட்டின் பரிசோதனை செய்யுங்கள். உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது அதுதான். முழு உடல் பரிசோதனை என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் கொடுக்கிற பேக்கேஜ்களில் பல சமயம் இது மட்டும் இருக்காது. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், உங்கள் வயதில் முதல் சந்தேகம் அங்கேதான்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் குறைவெல்லாம் இரும்புக் குறைவு அல்ல. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமப்பவர்களுக்கும் சிவப்பணு சிறியதாக இருக்கும், ரிப்போர்ட் பார்க்க இரும்புக் குறைவு போலவே இருக்கும். இரும்பு போதுமான அளவு இருந்தும் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் உண்டு. ஃபெரிட்டின் சரியாக இருந்து, சிவப்பணுவின் அளவு மட்டும் சிறியதாக இருந்தால் ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரெசிஸ் (ரத்தத்தில் எந்தெந்த வகை ஹீமோகுளோபின் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பரிசோதனை) கேளுங்கள். இதிலும் ஒரு சிக்கல்: இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இரும்புக் குறைவு இருக்கும்போது செய்தால் தலசீமியா அந்தப் பரிசோதனையில் பிடிபடாமல் போகவும் வாய்ப்புண்டு, அதனால் இரும்பைச் சரிசெய்த பிறகு செய்வது நல்லது. கணவன் மனைவி இருவருமே ஒரே வகைத் தலசீமியாவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம், ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரும்புக் கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் ஆகும்.