கியூபா நெருக்கடியில் அணு ஆயுதப் போர் உண்மையிலேயே வெடித்திருக்குமா?

வெடித்திருக்கக்கூடும். 1962 அக்டோபர் 27, சனிக்கிழமை ஒரு நாளை மட்டும் பார்த்தாலே போதும்.

பின்னணி சுருக்கமாக: சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை நிறுவுவதை அமெரிக்காவின் யு-2 உளவு விமானம் படமெடுத்தது. சில நாள்களில் அமெரிக்க அதிபர் கென்னடி கியூபாவுக்கான கடல்வழியை மறித்தார்.

அந்தச் சனிக்கிழமை கியூபா வானில் ஒரு யு-2 சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானி ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். அதே நாளில் கடலுக்கடியில் இன்னொரு கதை. சோவியத் நீர்மூழ்கி பி-59-ஐ மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறிய வெடிகளைப் போட்டன. உள்ளே 45 டிகிரிக்கும் மேல் வெப்பம், மூச்சுவிடவே திணறல், மாஸ்கோவோடு தொடர்பும் இல்லை. மேலே போர் தொடங்கிவிட்டதா என்றே அவர்களுக்குத் தெரியாது. அதில் ஓர் அணு டார்பிடோ இருந்தது என்பது அமெரிக்கர்களுக்கும் தெரியாது! கேப்டன் சவித்ஸ்கி அதை ஏவத் தயாராகச் சொன்னார் என்றும், உடனிருந்த கடற்படை அதிகாரி வசிலி ஆர்கிபோவ் பேசி அமைதிப்படுத்தினார் என்றும் அதில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். என்னைக் கேட்டால், கென்னடி, சோவியத் தலைவர் குருஷேவ் பெயர்களோடு ஆர்கிபோவ் பெயரையும் பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.

மறுநாள் குருஷேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். பதிலுக்குத் துருக்கியில் இருந்த தன் ஜூபிடர் ஏவுகணைகளை அகற்ற அமெரிக்கா ரகசியமாக ஒப்புக்கொண்டிருந்தது. அப்புறம் 1963-இல் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு வந்தது. பலரும் நினைப்பதுபோல் அது சிவப்புத் தொலைபேசி அல்ல, தட்டச்சில் செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர்.