காரைக்குடிப் பக்கம் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு மீன்கள் வளர்க்கிறேன். தீவனத்தில் மூலிகைச் சாறு கலக்கலாமா?

கலக்கலாம், ஆனால் நோய் வராமல் தாங்கத்தான், வந்த நோயைத் தீர்க்க இல்லை. என் ஓட்டு பூண்டுக்கு. நசுக்கும்போதுதான் அதில் கிருமியை எதிர்க்கும் அல்லிசின் என்ற பொருள் உண்டாகிறது, சூடு பட்டால் போய்விடும், அதனால் கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் வேகவைத்துக் கொடுப்பவராக இருந்தால் ஆறின பிறகே விழுதைச் சேருங்கள். கிலோ தீவனத்துக்கு 5 முதல் 10 கிராம் போதும், ரோகுவில் செய்த சோதனைகளில் இதை ஒட்டிய அளவிலேயே மீனுக்கு நோய் தரும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவை எதிர்க்கும் சக்தி கூடியிருக்கிறது. கொஞ்சம் அரிசிக் கஞ்சி விட்டுப் பிசைந்து நிழலில் உலர்த்தினால் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. மஞ்சள் தூளும் சரிதான்.

முருங்கைக்கீரை சத்தாச்சே என்று அள்ளிக் கொட்டாதீர்கள், செரிமானத்தைக் கெடுக்கும் டானின், சபோனின் என்ற பொருட்கள் இருப்பதால் அளவு மீறினால் வளர்ச்சி குறையும். வேப்பிலைச் சாறு அடர்த்தியாக இருந்தால் மீனுக்கே நஞ்சு.

அப்புறம், சித்திரை வைகாசியில் நம்ம பக்கம் தண்ணீர் வற்றிச் சூடேறும்போது, விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது ஆக்ஸிஜன் குறைவு. அதற்குப் பூண்டு ஒன்றும் செய்யாது, தீவனத்தை நிறுத்திவிட்டு மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.